டேஷ்கேமில் எல்லாம் பதிவாகிறது, நம்பர் மட்டும் ஏன் விழுவதில்லை?

கேள்வி இதுதான். கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்குத் தினமும் காரில் போய்வருபவர் கேட்கிறார். இரவு 9 மணி வாக்கில், காரிமங்கலம் தாண்டியதும், வெள்ளைக் கார் ஒன்று இடப்பக்கமாக ஏறி சைடு மிரரைத் தட்டி உடைத்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவர் வைத்திருப்பது 4கே டேஷ்கேம், அதாவது முன்கண்ணாடியில் ஒட்டி ரோட்டைப் பதிவு செய்யும் கேமரா. இடித்தது, முன்னால் வெட்டிப் போனது எல்லாம் வீடியோவில் இருக்கிறது. நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு கட்டி. "கேமரா டூப்ளிகேட்டா? எதை வாங்கினால் நம்பர் தெரியும்? இந்த வீடியோவை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?"

மூன்றாவது கேள்விக்குத்தான் அவசரம், அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன். கேமராவை நிறுத்திவிட்டு மெமரி கார்டைக் கழற்றி வையுங்கள். டேஷ்கேம் சுற்றிச் சுற்றிப் பழைய வீடியோவின் மேல் எழுதும் கருவி. 4கே-யில் நொடிக்கு 40 மெகாபிட் எழுதுகிறது என்றால் ஒரு மணி நேரத்துக்கு 18 ஜிபி போகும். 128 ஜிபி கார்டு ஏழு மணி நேரத்தில் நிறைந்துவிடும். தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டுபவருக்கு நாலாவது நாளில் அந்த வீடியோ இருக்காது. அதிர்ச்சி பட்டால் தானே பூட்டிக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். மிரர் தட்டும் அளவுக்கான அதிர்வு பல கேமராக்களில் அந்த சென்சாரை எழுப்பவே எழுப்பாது. ஆனால் ஊருக்குள் இருக்கும் வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் தவறாமல் பூட்டும், பூட்டிய கோப்புகளாலேயே கார்டை நிரப்பியும் விடும். அதிர்வு உணர்வை 'லோ'வில் வைத்துவிட்டு, ஏதாவது நடந்தால் பட்டனைக் கையால் அழுத்துவதுதான் நம்பகமான வழி.

இனி, கேமரா டூப்ளிகேட்டா என்ற கேள்வி. பெரும்பாலும் இல்லை. விளம்பரத்தில் காட்டுவது பட்டப்பகலில் நிற்கும் காரை, மூன்று மீட்டரில். நீங்கள் எதிர்பார்த்தது இரவில், ஓடும் காரை, பத்து மீட்டரில். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏமாற்றம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மோட்டார் வாகன விதிப்படி காரின் நம்பர் பிளேட்டில் எழுத்தின் உயரம் 65 மி.மீ., கோட்டின் தடிமன் 10 மி.மீ., எழுத்துக்கு எழுத்து இடைவெளி 10 மி.மீ. பைக்குக்குப் பின்னால் எண்ணின் உயரம் 40 மி.மீ., முன்னால் 30 மி.மீ.தான். டேஷ்கேம் பெட்டியில் '140 டிகிரி' என்று போட்டிருப்பது மூலைக்கு மூலை அளந்த கோணம். இடவலமாகப் பார்த்தால் 115 டிகிரி சுமாருக்கு வரும். 1080பி வீடியோவில் குறுக்கே 1920 பிக்சல். அதை 115 டிகிரிக்குப் பங்கு வைத்தால் ஒரு டிகிரிக்கு 17 பிக்சல்கூட இல்லை. இந்தக் கணக்கில் கார் நம்பர் எழுத்து 3 மீட்டரில் 21 பிக்சல் உயரம், 5 மீட்டரில் 12, 7 மீட்டரில் 9, 10 மீட்டரில் 6. கண்ணால் தடுமாறாமல் படிக்க 15 பிக்சலாவது வேண்டும். 10, 12 இருந்தால் யூகிக்கலாம். 8-க்குக் கீழே போனால் 3, 6, 8, 9 எல்லாம் ஒரே பொட்டுதான். உயரத்தைவிட தடிமன்தான் முக்கியம். 10 மீட்டரில் அந்த 10 மி.மீ. கோடு ஒரு பிக்சல்கூட வராது. கோடும் இடைவெளியும் ஒரே பிக்சலில் கலந்து சாம்பல் நிறமாகிவிடும். அதற்கு மேல் எத்தனை முறை ஜூம் செய்தாலும் பெரிதாவது அந்தச் சாம்பல்தான்.

4கே-யில் குறுக்கே பிக்சல் இரட்டிப்பு என்பதால் இந்தத் தூரங்களை இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். 10 மீட்டரில் 12 பிக்சல், அவ்வளவுதான். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: தூரத்தைக் கேமராவிலிருந்து அளக்க வேண்டும், பம்பரிலிருந்து அல்ல. கண்ணாடிக்கும் முன் பம்பருக்கும் இடையில் பானெட்டே கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் தின்றுவிடும். முன்னால் நிற்கும் காருக்கு மூன்று மீட்டர் விட்டு நின்றால் கேமராவுக்கு அது ஐந்து மீட்டர்.

80 கி.மீ. வேகத்தில் முன்வண்டிக்கு இரண்டு நொடி இடைவெளி விட வேண்டும் என்பார்கள்; அது 44 மீட்டர். அந்தத் தூரத்தில் நம்பர் எழுத்து 1080பி-யில் ஒன்றரைப் பிக்சல், 4கே-யில் மூன்றுகூட இல்லை. ஒழுங்காக இடைவெளி விட்டு ஓட்டுபவரின் டேஷ்கேமில் முன்வண்டியின் நம்பர் விழவே விழாது.

இது நிற்கும் படத்துக்கான கணக்கு. ஓட்டம் சேர்ந்தால் இன்னும் மோசம். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில், அதாவது ஒரு படத்துக்குக் கேமரா ஒளியை வாங்கும் நேரத்தில், எழுத்து எத்தனை பிக்சல் நகர்கிறது என்பதுதான் விஷயம். அந்த நகர்வுதான் படத்தில் இழுவையாக, மங்கலாகத் தெரியும். நடுவே தடுப்பு இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் 80 என்றால் சேர்ந்து 160 கி.மீ., நொடிக்கு 44 மீட்டர். அது பத்து மீட்டர் முன்னால், மூன்றரை மீட்டர் வலப்பக்கம் தள்ளி இருக்கும்போது, 1080பி படத்தில் நொடிக்கு 1300 பிக்சல் வேகத்தில் ஓடுகிறது. நல்ல வெயிலில் ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் ஒன்றேகால் பிக்சல் இழுவை, பரவாயில்லை. பொழுது சாய்ந்து ஷட்டர் அறுபதில் ஒரு பங்குக்கு வந்துவிட்டால் 22 பிக்சல் இழுவை. எழுத்தே ஆறு பிக்சல்தான்! எதிரே வந்து உரசிவிட்டுப் போன வண்டியின் நம்பர் மாலை ஆறரைக்கு மேல் கிடைக்கும் என்று எண்ணி எந்தக் கேமராவும் வாங்காதீர்கள். 4கே-யிலும் எழுத்து இரட்டிப்பானால் இழுவையும் இரட்டிப்பாகிறது. அந்த வகையில் லாபமில்லை. அதிக பிக்சலை அதே அளவு சென்சார் சில்லில் திணித்திருந்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சம் குறைந்து, இரவில் 4கே-யைவிட, 1080பி-க்கும் 4கே-க்கும் இடைப்பட்ட நல்ல 2கே தெளிவாக இருப்பதும் உண்டு.

உங்கள் வீடியோவில் இருக்கும் வெள்ளைக் கட்டிக்குக் காரணம் வேறு. 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கெல்லாம் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். அதன் மேல் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது. உங்கள் ஹெட்லைட் அதன்மேல் பட்டால் அந்த வெளிச்சம் நேராக உங்களிடமே, அதாவது உங்கள் கேமராவிடமே, திரும்பி வருகிறது. கேமராவோ படம் முழுவதையும் சராசரி பார்த்து வெளிச்சம் வைக்கிறது. படத்தில் முக்கால்வாசி இருட்டு ரோடும் வானமும். 'ரொம்ப இருட்டு' என்று நினைத்து அது வெளிச்சத்தைக் கூட்ட, நம்பர் பிளேட் வெந்து வெள்ளையாகிவிடுகிறது. அந்த வெள்ளைக்குள் எழுத்து ஒளிந்திருக்கவில்லை, பதிவாகும்போதே அழிந்துவிட்டது. எந்த சாஃப்ட்வேராலும் அதை மீட்க முடியாது.

இடித்துவிட்டுப் போகிறவனைப் பார்த்ததும் எல்லோரும் செய்வது ஹைபீமைப் போட்டு விரட்டுவது. நம்பர் வேண்டுமென்றால் அதுதான் செய்யக் கூடாத காரியம். லோபீமிலேயே வையுங்கள். பார்க்கிங் லைட் வெளிச்சத்தில் பிளேட் இன்னும் நன்றாகப் படமாகும், ஆனால் ஓடும் ரோட்டில் ஹெட்லைட்டை அணைப்பது தற்கொலைக்குச் சமம். நிற்கும் சிக்னலிலோ சுங்கச்சாவடி வரிசையிலோ இருந்தால் வேறு விஷயம்.

பழைய பெயின்ட் பிளேட் என்றால் நேர் எதிர்ப் பிரச்சினை. ஒளியைத் திருப்பாது, பின்னால் நம்பர் பல்பும் பெரும்பாலும் எரியாது. இருட்டாகவே இருக்கும். எதிரே வரும் வண்டிக்கு முன்பக்கம் நம்பர் விளக்கே கிடையாது, இரண்டு ஹெட்லைட்டின் கூச்சத்துக்கு நடுவில் பிளேட் கறுப்புப் பட்டை. பின் கேமராவுக்கும் அதே கதிதான். பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட், உங்கள் பின் கண்ணாடியின் சூட்டுக் கம்பிகள், ஒட்டியிருந்தால் ஃபிலிம், எல்லாம் சேர்ந்து இரவில் எதுவும் மிஞ்சாது. ஆக இரவில் நம்பர் கிடைக்கிற சந்தர்ப்பம் ஒன்றே ஒன்று: முன்னால் போகும் வண்டி, உங்கள் லோபீமில், கேமராவிலிருந்து நாலு முதல் எட்டு மீட்டருக்குள், உங்களோடு ஏறக்குறைய ஒரே வேகத்தில்.

அந்தச் சந்தர்ப்பம் உங்கள் வீடியோவிலும் ஒரு கணம் வந்திருக்கும். அதைத் தேட வேண்டிய இடத்தில் தேடுங்கள். மிரர் உடைந்த கணத்தில் தேடிப் பயனில்லை. அப்போது அந்தக் கார் படத்தின் இடது ஓரத்தில், லென்ஸ் வளைக்கும் பகுதியில், கோணலாக இருக்கும். அது உங்களைத் தாண்டி, உங்களுக்கு நேர் முன்னால் வந்து விலகும் நேரம்தான் வேண்டும். உங்களைவிட 30 கி.மீ. கூடுதல் வேகத்தில் போனதாக வைத்துக்கொள்வோம். கேமராவிலிருந்து 3 மீட்டரில் இருந்து 8 மீட்டருக்குப் போக அதற்கு 0.6 நொடி. 30 ஃபிரேம் ஓடும் வீடியோவில் அது 18 படங்கள். உங்கள் நம்பர் இருந்தால் அந்தப் பதினெட்டுக்குள்தான் இருக்கும். நேராக விலகிப் போகும் வண்டி படத்தில் குறுக்கே அதிகம் நகராது, சுருங்கத்தான் செய்யும். அதனால் இழுவையும் குறைவு. பிரேக் பிடித்தானா, பாருங்கள். பிரேக் லைட்டின் சிவப்பு பட்டதும் சில கேமராக்கள் ஒரு நொடிக்கு வெளிச்சத்தைக் குறைக்கும். அந்த இரண்டு மூன்று படங்களில் வெள்ளைக் கட்டி உடைந்து எழுத்து எட்டிப்பார்ப்பதுண்டு. எதிரே லாரி ஹெட்லைட் வந்த கணத்திலும் இதே நடக்கும்.

பார்ப்பது கார்டில் இருக்கும் மூலக் கோப்பாக இருக்கட்டும். கேமராவின் ஆப் வழியாகப் போனில் பார்ப்பது பெரும்பாலும் சுருக்கிய பிரதி. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது இன்னும் நசுக்கும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால்தான் அப்படியே போகும். கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் திறந்து, 'ஈ' விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். எஃபெக்ட்ஸ் பகுதியில் பிரைட்னஸைக் குறைத்து, காமாவைக் கீழிறக்கிப் பாருங்கள். முழுதாக வெந்த பிளேட்டில் ஒன்றும் வராது. பாதி வெந்ததில் ஏதாவது கிடைக்கும்.

ஒரு ஃபிரேமில் முதல் பாதி, இன்னொன்றில் கடைசி எண் என்று துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அதைத் தாளில் எழுதுங்கள், சந்தேகமான இடத்தில் எல்லா வாய்ப்புகளையும் எழுதுங்கள். நம்பரின் அமைப்பே பாதியைச் சொல்லிவிடும். முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்து இரண்டு எண் ஆர்டிஓ, பிறகு வரிசை எழுத்து, கடைசியில் நான்கு எண். இந்தப் பக்கம் ஓடுவதில் கிருஷ்ணகிரி டிஎன் 24, தருமபுரி டிஎன் 29, ஓசூர் டிஎன் 70 அதிகம். சேலத்து வண்டியும், 'கேஏ 51' மாதிரி பெங்களூரு வண்டியும் கணிசம். எழுத்து வர வேண்டிய இடத்தில் எட்டு மாதிரித் தெரிந்தால் அது 'பி'. எண் இடத்தில் 'பி' மாதிரித் தெரிந்தால் அது 8. பூஜ்யத்தோடும் ஒன்றோடும் குழம்பும் 'ஓ', 'ஐ' இரண்டையும் வரிசை எழுத்தில் கொடுப்பதில்லை. 3–8, 6–8, 1–7, 4–9 இவைதான் வழக்கமாகக் காலை வாரும் ஜோடிகள். இரண்டு இடத்தில் சந்தேகம், ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு என்றால் மொத்தம் ஒன்பது நம்பர். ஒன்பதையும் மத்திய அரசின் எம்பரிவாஹன் ஆப்பில் போட்டால் வண்டி என்ன மாடல் என்று காட்டும். உங்கள் வீடியோவில் இருப்பது ஹேட்ச்பேக் என்றால், டிராக்டரும் ஸ்கூட்டரும் செடானும் கழிந்து ஒன்றோ இரண்டோ மிஞ்சும். அந்த ஒன்றிரண்டைப் போலீஸிடம் மட்டும் கொடுங்கள். முகநூலில் போட்டு, சம்பந்தமில்லாத ஒருவர் வீட்டு வாசலில் ஆள் போய் நிற்கும்படி ஆகக் கூடாது.

ஏஐ வைத்துத் தெளிவாக்கித் தருகிறோம் என்று இப்போது நிறைய ஆப்கள். அவற்றில் போடாதீர்கள். தெளிவான எழுத்து வரும், உண்மைதான். ஆனால் அந்த எழுத்து உங்கள் வீடியோவிலிருந்து வந்ததல்ல, ஆப் தானாக வரைந்தது. ஒரே மங்கலான பிளேட்டை இரண்டு ஆப்பில் போட்டால் இரண்டு நம்பர் வரும். மாறாக, பல ஃபிரேம்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுப்பது நியாயமான முறை. அது இரைச்சலைக் குறைக்கும், இல்லாததைச் சேர்க்காது.

இனி செட்டிங். பணம் செலவில்லாமல் அதிகம் கிடைப்பது இங்கேதான்.

படத்தின் வெளிச்ச அளவை மாற்றுவது எக்ஸ்போஷர் என்றோ 'ஈவி' என்றோ மெனுவில் இருக்கும். பூஜ்யத்தில்தான் வந்திருக்கும். இரவு ஓட்டம் அதிகமென்றால் அதை மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1-க்கு இறக்குங்கள். ரோடு கொஞ்சம் இருட்டாகத் தெரியும். ஆனால் என்ன நடந்தது என்பது புரியும், பிளேட்டும் வேகாது. பகலிலும் இது கெடுதல் இல்லை. எச்டிஆர் அல்லது டபிள்யூடிஆர் என்பது குட்டை ஷட்டரிலும் நெட்டை ஷட்டரிலும் எடுத்ததை ஒட்டுகிற வித்தை. நிற்கும் வண்டிக்கு நன்றாக உதவும். ஓடும் வண்டிக்கு இரண்டு படமும் ஒட்டாமல் எழுத்து இரட்டை இரட்டையாகத் தெரியலாம். போட்டும் அணைத்தும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தெருவிளக்குச் சிமிட்டலுக்கு 50 ஹெர்ட்ஸ் வையுங்கள். பல கேமராக்கள் 60-இல் வருகின்றன, நம் மின்சாரம் 50. பிட்ரேட், அதாவது நொடிக்கு எவ்வளவு டேட்டா எழுதுவது என்பது, இருக்கும் மெனுவில் 'ஹை'. அதைக் குறைவாக வைத்தால், ஓரத்துப் புளியமரங்கள் ஓடுவதைப் பதியவே கணக்கு முழுவதும் செலவாகி, நம்பர் பிளேட் சதுரம் சதுரமாகக் கரையும். மைக் 'ஆன்'. கடைசியாகச் சொன்னேனே தவிர, இருப்பதிலேயே பெரிய செட்டிங் இதுதான். உங்கள் கண் 4கே கேமராவைவிடக் கூர்மையானது, கூச்சத்தையும் சமாளிக்கும். நம்பரைப் பார்த்ததும் வாய்விட்டுச் சத்தமாகச் சொல்லுங்கள்: "டிஎன் இருபத்தொன்பது, வெள்ளைக் கார், பின் பம்பர் இடது மூலை உடைசல்." அது வீடியோவோடு சேர்ந்து, நேரத்தோடு பதிவாகிவிடும். பக்கத்தில் ஆள் இருந்தால் அவர் சொல்லட்டும்.

கேமராவின் கடிகாரம் சரியா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பேட்டரி போன கேமரா ஒவ்வொரு முறையும் ஏதோ பழைய தேதிக்குத் தாவிக்கொள்ளும். பின்னால் சொல்லப்போகும் வேலைக்கு நேரம் நிமிடக் கணக்கில் சரியாக இருந்தாக வேண்டும். ஜிபிஎஸ் உள்ள கேமரா என்றால் இந்தத் தொல்லை இல்லை.

ஒட்டும் இடம்: முன்கண்ணாடியில், உள்ளே இருக்கும் ரியர்வியூ மிரருக்குப் பின்னால், வைப்பர் துடைக்கும் வளைவுக்குள். வைப்பர் எட்டாத மேல் விளிம்பில் ஒட்டினால் மழைக்காலம் முழுக்கத் துளி வழியாகத்தான் படம். கண்ணாடியின் உட்புறத்தில் டேஷ்போர்டு பிளாஸ்டிக் சூட்டில் கக்கும் எண்ணெய்ப் படலம் படியும். கண்ணுக்குத் தெரியாது, எதிர் ஹெட்லைட் பட்டதும் படம் முழுக்கப் பால் ஊற்றியது போலாகும். வாரம் ஒருமுறை மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் போதும். டேஷ்போர்டு மேல் இருக்கும் பிள்ளையார், எலுமிச்சம்பழம், வெள்ளைத் துண்டு எல்லாம் பகலில் கண்ணாடியில் பிரதிபலித்து, சரியாக முன்வண்டியின் பிளேட் மேல் வந்து உட்காரும். பிள்ளையாரை ஓரமாக நகர்த்தலாம், துண்டை எடுத்துவிடலாம். லென்ஸ் மேல் மாட்டும் சிபிஎல் (போலரைசர்) ஃபில்டர் அந்தப் பிரதிபலிப்பை வெட்டும், ஆனால் பாதிக்கு மேல் வெளிச்சத்தையும் தின்னும். இரவில் கழற்ற வேண்டும். தினமும் கழற்றி மாட்ட முடியாதவர் வாங்காமல் இருப்பதே மேல்.

வெயில் திசையும் கணக்கு. மாலையில் கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி, ஓசூர் பக்கம் போனால் சூரியன் நேர் முகத்தில். முன்வண்டியின் பின்புறம் நிழலில் கறுத்துவிடும். காலையில் பர்கூர் வழியாக வாணியம்பாடி போகிறவருக்கும் இதே நிலை. அந்த நேரங்களில் பின் கேமராதான் நன்றாக எடுக்கும்.

சூட்டைச் சொல்லாமல் விட முடியாது. ஏப்ரல், மே மாதத்தில் வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடி ஓரத்தில் லித்தியம் பேட்டரி வைத்த கேமரா இரண்டே கோடையில் உப்பிக்கொள்ளும். பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் உள்ளதை வாங்குங்கள். கார்டும் 'ஹை எண்டூரன்ஸ்' வகையாக, 'வி30' என்ற வேகக் குறியோடு இருக்கட்டும். போனுக்கு வாங்கும் சாதாரண கார்டு இடைவிடாமல் எழுதுவதைத் தாங்காது. செத்துப்போனாலும் சொல்லாது; கேமராவில் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும், உள்ளே ஒன்றும் ஏறாது. மாதம் ஒருமுறை கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு, கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

எதை வாங்குவது? உங்களிடம் இருப்பதை முதலில் அளந்துவிடுங்கள். தெருவில் நண்பரின் காரை நிறுத்தி, அதன் பின் பிளேட்டிலிருந்து 3, 5, 7, 10 மீட்டரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். உங்கள் கேமரா ஒவ்வொரு கோட்டுக்கும் நேர் மேலே வரும்படி காரை நிறுத்தி, பத்து நொடி பதிவு செய்யுங்கள். பகலில் ஒருமுறை, இரவில் லோபீமில் ஒருமுறை, ஈவியை மாற்றி ஒருமுறை. அரை மணி நேர வேலை. உங்கள் கேமரா எத்தனை மீட்டர் வரை படிக்கும் என்பது கையில் வந்துவிடும். அதன்பிறகும் மாற்றத் தோன்றினால், பெட்டியில் '4கே' என்று இருப்பதைப் பார்க்காதீர்கள், சென்சாரின் பெயரைப் பாருங்கள். ஐஎம்எக்ஸ்307 என்பது 2 மெகாபிக்சல் சில்லு. அதை வைத்துக்கொண்டு '4கே' என்று எழுதியிருந்தால் அது இழுத்து நீட்டிய 4கே. உண்மையான 4கே-க்கு 8 மெகாபிக்சல் வேண்டும். சோனி ஐஎம்எக்ஸ்415, அதைவிட இரவில் மேலான ஸ்டார்விஸ் 2 வகை ஐஎம்எக்ஸ்678 போல. '170 டிகிரி' என்பது பெருமைப்பட வேண்டிய விஷயமல்ல. கோணம் விரிய விரிய நம்பர் சிறுக்கும்.

நம்பர்தான் முக்கியம் என்று அடம்பிடிப்பவருக்குக் குறுகிய கோணத்தில் இரண்டாவது கேமரா ஒன்று வேண்டும். 50 டிகிரி லென்ஸ் உள்ள சாதாரண 1080பி கேமராவில் 10 மீட்டரில் எழுத்து 14 பிக்சல் வரும். 115 டிகிரி 4கே-யைவிட அது அதிகம்! ஆனால் குலுக்கலும் அதே விகிதத்தில் பெரிதாகும், பக்கத்தில் நடப்பது எதுவும் தெரியாது. துணையாக வைத்துக்கொள்ளலாம், முதல் கேமராவாக அல்ல.

லாரிகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. இந்த மாவட்டங்களில் கிரஷர் டிப்பரும் கிரானைட் கல் ஏற்றும் டிரெய்லரும் மாம்பழக் காலத்தில் லோடு வண்டிகளும் அதிகம். பின் பிளேட் தூசியில் மூழ்கியோ, கம்பிக்குப் பின்னால் வளைந்தோ கிடக்கும். அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பின் பலகையிலும் கேபின் பக்கத்திலும் பெயின்டில் நம்பரைப் பெரிதாக எழுதியிருப்பார்கள். டிரான்ஸ்போர்ட் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் அருகிலேயே இருக்கும். அரசுப் பேருந்து என்றால் வரிசை எழுத்து 'என்'; தடம், நேரம் இரண்டும் இருந்தால் பணிமனையே வண்டியைச் சொல்லிவிடும்.

இப்போது உங்கள் வழக்குக்கு வருகிறேன். நம்பர் இல்லாமலேயே உங்களிடம் நிறைய இருக்கிறது: வெள்ளைக் கார், மாடல், எங்கே அடிபட்டது, எந்தத் திசை, எந்த நிமிடம். காரிமங்கலத்திலிருந்து தெற்கே போன வண்டி, தருமபுரியிலோ இடையிலோ இறங்கவில்லை என்றால், தொப்பூருக்கு முன்னால் பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டியாக வேண்டும். எதிர்த் திசை என்றால் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி. அங்கே எல்லா வண்டியும் மெதுவாகும், நல்ல வெளிச்சம், கேமராவும் பிளேட்டுக்கு நேராக நிற்கிறது, ஃபாஸ்டேக் நேரத்தோடு பதிவாகிறது. உங்கள் டேஷ்கேமால் முடியாததை அது முடித்துத் தரும், நீங்கள் நேரத்தைச் சரியாகச் சொன்னால். ஆனால் அந்தப் பதிவைத் தனிநபர் கேட்டால் கொடுக்க மாட்டார்கள், போலீஸ் கேட்க வேண்டும். அதுவும் சுற்றி அழிவதுதான் என்பதால் தாமதிக்கக் கூடாது. சம்பவம் நடந்த எல்லைக்குரிய காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். மனுவிலேயே 'இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை இன்ன சுங்கச்சாவடியின் கேமராப் பதிவைப் பார்க்க வேண்டும்' என்று எழுதிவிடுங்கள். காரிமங்கலத்திலிருந்து பாளையத்துக்குச் சாதாரணமாக அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். இரண்டு பக்கமும் பதினைந்து நிமிடம் கூட்டிக் கேளுங்கள்.

மிரரோடு போனது நல்லது. ஆளுக்கு அடிபட்டு, வண்டி எது என்றே தெரியாமல் போனால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 161-இன் கீழ் 2022 ஏப்ரல் 1 முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கு நம்பர் தேவையில்லை. வருவாய்க் கோட்டத்தில் இதற்கென இருக்கும் விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸைப் பொறுத்தவரை, முழுக் காப்பீடு இருந்தால் இடித்தவர் யாரென்று தெரியாமலும் சொந்தச் சேதத்துக்குக் கேட்கலாம். ஆனால் 1500 சிசி வரையுள்ள காருக்கு முதல் 1,000 ரூபாய், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும்; கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்காகச் சேர்த்து வைத்த பிரீமியத் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போகும். அது 50 சதவீதத்தில் இருந்தால் ஒரு மிரருக்காக இழப்பது பெரும்பாலும் நஷ்டம். இரண்டையும் கூட்டி, மிரரின் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வீடியோ நீதிமன்றம் வரை போகக்கூடும் என்று தோன்றினால், மூலக் கோப்பை வெட்டாமல், பெயரைக்கூட மாற்றாமல், கார்டோடு உறையில் போட்டு வையுங்கள். வேலை பார்ப்பதெல்லாம் பிரதியில். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 63-இன்படி மின்னணுச் சாட்சியத்தோடு ஒரு சான்றிதழ் வைக்க வேண்டும். அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற எண்), கருவியின் மாடலும் சீரியல் நம்பரும் கேட்கப்படும். கேமரா வந்த பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்றால், கேமராவின் அடியில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரை இன்றைக்கே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி ஓர வெயிலில் முதலில் வெளுப்பது அந்த எழுத்துதான்.